பழுதில் தெரியும் திறமை

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளக் குழு சில மணி நேரமாக ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. முதன்மைச் சர்வரிலிருந்து துணைச் சர்வருக்குத் தரவு நகலாகாமல் நின்றுபோயிருந்தது. துணைச் சர்வரில் கிடப்பதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து நகலெடுக்கலாம் என்று ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அப்போது அவர் திரையில் திறந்திருந்தது முதன்மைச் சர்வர். ஓரிரு நொடிகளில் புரிந்துகொண்டு நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தது.

பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் ஓட வேண்டிய பேக்கப் நிரல், தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. கோப்புகள் போய்ச் சேர வேண்டிய சேமிப்பிடம் காலி. தோற்றால் எச்சரிக்கை மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. கிளவுட் வட்டுகளை அப்படியே படியெடுத்து வைக்கும் வசதி, தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு படி. அந்த ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்த தரவு மட்டும் திரும்பவில்லை. நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

கிட்லேப் தன் அறிக்கையை விரிவாக வெளியிட்டதால் இந்த நிகழ்வை உலகெங்கும் கணினித் துறையினர் பாடமாகப் படிக்கிறார்கள். பேக்கப்பை அவ்வப்போது மீட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டுமா என்று எந்தச் சர்டிபிகேஷன் தேர்வில் கேட்டாலும், ஒரு மாதம் படித்த மாணவர்கூடச் சரியான விடையைக் குறிப்பார். அந்தக் குழுவுக்கும் அது தெரியாததல்ல. அவர்களிடம் அனுபவத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்த மீட்பை முழுதாக ஒரு தடவை செய்து பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அறிவும் இருந்தது, ஆண்டுகளும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒன்று விடுபட்டிருந்தது.

சான்றிதழா அனுபவமா என்ற வாதத்தில் அந்த நடுப்பகுதிதான் பேசப்படாமல் போகிறது. வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள பயிற்சி மையங்கள் ஒரு பக்கம் சான்றிதழை விற்கின்றன. ‘பேப்பரெல்லாம் சோறு போடாது, கை வேலைதான் பேசும்’ என்று மூத்தவர்கள் இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். என் துணிபு இது: பணியனுபவம் என்று நாம் எண்ணும் ஆண்டுக் கணக்கும் ஒரு காகிதமே. சான்றிதழைவிட அது நம்பகமானது என்று காட்ட ஆதாரம் மெலிவாகத்தான் இருக்கிறது. தன் பொறுப்பில் இருந்த ஒன்று பழுதாகி, அதைத் தானே சரிசெய்து, ஏன் பழுதானது என்பதையும் தெரிந்துகொண்டவரிடம் திறமை சேர்கிறது. அந்த வாய்ப்பை ஒரு தேர்வு எவ்வளவு தருகிறது, ஒரு வேலை எவ்வளவு தருகிறது என்று பார்த்தே இரண்டையும் எடைபோட வேண்டும்.

கணினித் துறையில் சான்றிதழ் புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவில் தரவுச் செயலாக்கத் தொழிலருக்கான முதல் சான்றிதழ்த் தேர்வு 1962இல் நடந்தது. நிரலாளர்களையும் மருத்துவர், கணக்காளர் போல அங்கீகாரம் பெற்ற தொழிலர்களாக ஆக்க வேண்டும் என்பது அதன் கனவு. வரலாற்றாசிரியர் நேத்தன் என்ஸ்மெங்கர் தம் 2010ஆம் ஆண்டு நூலில் அந்தக் கனவு ஏன் கூடவில்லை என்று விரிவாக எழுதுகிறார். தேர்வில் வென்றவர்தான் நல்ல நிரலாளர் என்று வேலை கொடுப்பவர்கள் கடைசிவரை நம்பவில்லை. துறை இன்றுவரை அந்த நம்பிக்கைக் குறைவிலிருந்து மீளவில்லை.

தொழிலர் அமைப்புகளால் ஆகாததை மென்பொருள் விற்பவர்கள் செய்தார்கள். 1980களின் இறுதியில் நோவெல், 1990களின் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட், 1993இல் சிஸ்கோவின் சிசிஐஇ என்று வரிசையாக வந்தன. தன் பொருளைக் கையாளத் தெரிந்த ஆட்கள் ஊரெங்கும் இருந்தால்தான் பொருள் விற்கும். அதனால் இந்தத் தேர்வுகளுக்குப் பின்னால் கல்வி நோக்கத்தோடு சந்தை நோக்கமும் சேர்ந்தே இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆட்களின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்றால் தேர்வு மலிவாகவும் வேகமாகவும் திருத்தப்பட வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவம்தான் அதற்குத் தோது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. விண்டோஸ் என்டி பரவிய 1990களின் பிற்பகுதியில் ‘பேப்பர் எம்சிஎஸ்இ’ என்ற வசவு பிறந்தது: ஒரு சர்வரைக்கூடக் கையால் நிறுவாமல் மைக்ரோசாப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழுக்கான எல்லாத் தேர்வுகளிலும் தேறியவர் என்று பொருள். தேர்வுக் கேள்விகளை மனப்பாடமாக வெளியே கொண்டுவந்து விற்கும் ‘டம்ப்ஸ்’ வியாபாரம் செழித்தது. மைக்ரோசாப்ட் தேர்வுக் கேள்விகளை இணையத்தில் விற்ற ஒருவர், வணிக ரகசியத் திருட்டுக் குற்றத்தை 2002இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வியாபாரம் நிற்கவில்லை. இன்றும் எந்தத் தேர்வின் பெயரைத் தேடினாலும் முதல் சில முடிவுகளுக்குள் டம்ப்ஸ் வந்து நிற்கிறது.

இதே காலத்தில் வேறு வகைத் தேர்வும் இருந்தது. சிசிஐஇ ஆய்வுக்கூடத் தேர்வு தொடக்கத்தில் இரண்டு நாள் நடந்தது. கொடுத்த ரவுட்டர்களையும் ஸ்விட்சுகளையும் கேபிள் போட்டு இணைத்து, ஒரு வலையமைப்பை உருவாக்க வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகல் தேர்வரை வெளியே அனுப்பிவிட்டு, கண்காணிப்பாளர் அந்த வலையமைப்பில் பழுதுகளை நுழைத்து வைப்பார். தேர்வர் திரும்பி வந்து, தான் கட்டியதைத் தானே துருவி அந்தப் பழுதுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். முந்தின நாள் இரவு தூங்காதவர், தன் கட்டமைப்பைத் தானே சரியாகப் புரிந்துகொள்ளாதவர் எல்லோரும் அங்கே விழுந்தார்கள். தேர்வு எழுதக் காத்திருப்போர் பெருகினார்கள். 2001இல் தேர்வு ஒரே நாளாகச் சுருக்கப்பட்டது. அப்போது போனது அந்தப் பழுது நீக்கும் பகுதி. பிறகு 2009இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு மணி நேரப் பகுதியாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு தேர்வைப் பெருந்திரளுக்கு ஏற்பச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது, வேலைக்கு மிக நெருக்கமான பகுதிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் கேள்வித்தாளுக்கு விடை எழுத வேண்டியதில்லை. ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் சொன்னதைச் செய்து வைக்க வேண்டும். செய்தது எல்லாம் இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்பது அதன் கறாரான விதி. புதிதாக ஒரு வட்டுப் பகுதியை இணைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணைத்தாயிற்று, கோப்புகள் தெரிகின்றன, எல்லாம் சரி. அடுத்த தடவை இயந்திரம் எழும்போதும் அது தானாக இணைய, எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் ஓர் எழுத்து பிசகினால் இயந்திரம் முழுதாக எழாமல், அவசர நிலையில் நின்று நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். மற்ற விடைகள் அத்தனையும் சரியாக இருந்தாலும் திருத்துபவர் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. வேலையில் இதைப் பட்டுத் தெரிந்தவர், அந்த வரியை எழுதியதும் ‘மவுன்ட் மைனஸ் ஏ’ என்று அடித்துச் சோதித்துவிட்டுத்தான் மேலே போவார். புத்தகத்தில் அரை வரியாக இருப்பது அவர் விரலுக்கு வழக்கமாகிவிட்டது. குபர்நெட்டிஸ் நிர்வாகிக்கான சிகேஏ தேர்வும் இந்த வழியில் வந்ததே: இரண்டு மணி நேரம், கட்டளைத் திரை, நிஜமான இயந்திரத் தொகுதி. அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் வேலையிலும் யாரும் மனப்பாடமாகச் செய்வதில்லை. இப்படிப்பட்ட தேர்வையும் விடை குறிக்கும் தேர்வையும் ‘சர்டிபிகேஷன்’ என்ற ஒரே பெயரில் அடக்கி, நல்லதா கெட்டதா என்று வாதிடுவது வீண்.

இனி அனுபவத்துக்கு வருவோம். ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது எந்த அளவுகோல் அவருடைய பிற்காலச் செயல்திறனைச் சரியாகக் காட்டுகிறது என்பது உளவியலில் நூறாண்டாக நடக்கும் ஆராய்ச்சி. ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 1998இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்ற அளவில், வேலையின் மாதிரியைச் செய்து காட்டச் சொல்லும் சோதனை 0.54 பெற்றது, பணி அறிவுத் தேர்வு 0.48, எத்தனை ஆண்டு பணியாற்றினார் என்ற கணக்கு வெறும் 0.18. பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் இந்தக் கணக்குகளில் இருந்த மிகைத் திருத்தங்களை நீக்கி மறுபடி கணக்கிட்டபோது மாதிரிப் பணி 0.33 ஆகவும், அறிவுத் தேர்வு 0.40 ஆகவும் இறங்கின. பணி ஆண்டுகள் 0.07. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இவை எல்லாத் தொழில்களையும் கலந்த எண்கள். கணினித் துறைக்கு மட்டும் எடுத்தவை அல்ல. அங்கே பேசப்படும் அறிவுத் தேர்வும் நம் சர்டிபிகேஷனும் ஒன்றல்ல. டம்ப்ஸ் புழங்கும் தேர்வு அந்த 0.40க்குப் பக்கத்தில்கூட வராது என்றே நினைக்கிறேன். அப்படி இருந்தும் ஒரு செய்தி உறுதியாகத் தெரிகிறது. முதல் சில ஆண்டுகளில் பணிக்காலம் கற்றுத் தருகிறது, பிறகு அந்த வளர்ச்சிக் கோடு படுத்துவிடுகிறது. ‘குறைந்தது 8 ஆண்டு அனுபவம்’ என்று விளம்பரம் கொடுக்கும் நிறுவனம், 4 ஆண்டுக்காரரைவிட மேலானவரைத்தான் பெறும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

கோடு ஏன் படுக்கிறது? டேனியல் கானெமனும் கேரி க்ளெய்னும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நிபுணரின் உள்ளுணர்வு நம்பத்தக்கதாக வளர இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: சூழலில் கற்றுக்கொள்ளத்தக்க ஒழுங்கு இருக்க வேண்டும், தான் செய்தது சரியா தவறா என்பது செய்தவருக்குத் திரும்பித் தெரிய வேண்டும். சென்னையிலும் கோவையிலும் நடக்கும் பராமரிப்புப் பணியில் இந்த இரண்டாவது நிபந்தனை எப்படி அறுபடுகிறது என்று பாருங்கள். எல்1 என்ற முதல் நிலையில் இருப்பவர் நைட் ஷிப்டில் ஓர் எச்சரிக்கையைப் பார்க்கிறார். எஸ்ஓபி என்ற செயல்முறைக் குறிப்பில் எழுதியிருக்கும் நான்கு படிகளைச் செய்கிறார். சரியாகவில்லை என்றால் பதினைந்து நிமிடத்துக்குள் அடுத்த நிலையான எல்2க்கு எஸ்கலேட் செய்ய வேண்டும். தாமதித்தால் எஸ்எல்ஏ என்ற சேவை ஒப்பந்தத்தின் மீறல். டிக்கெட் கை மாறுகிறது, ஷிப்ட் முடிகிறது, கேப் வந்துவிடுகிறது. அந்தப் பழுது எதனால் வந்தது, எல்2 என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரிவதே இல்லை. இப்படி ஐந்து ஆண்டு போனால் ரெஸ்யூமேயில் ஐந்து ஆண்டு ‘புரொடக்ஷன் சப்போர்ட்’ இருக்கும். அவர் சோம்பேறி அல்ல. விளைவு அவர் கண்ணில் படாதபடி வேலை துண்டு போடப்பட்டிருக்கிறது.

இதற்கு மறுபக்கத்தை ஜூலியன் ஆர் எழுதினார். ஜெராக்ஸ் நகலெடுப்பு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர்களோடு ஒரு மானுடவியலாளராகச் சுற்றி அவர் எழுதிய நூல் 1996இல் வந்தது. நிறுவனம் கொடுத்த கையேட்டின்படி போனால் பல பழுதுகள் தீரவில்லை. காலைச் சிற்றுண்டியின்போதும் மதிய உணவின்போதும் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில்தான் உண்மையான தொழிலறிவு இருந்தது: இந்த வகை இயந்திரம் இப்படி ஏமாற்றும், பிழைக் குறி ஒன்றைக் காட்டும், காரணம் வேறிடத்தில் இருக்கும். ஜெராக்ஸ் பிறகு இந்தக் குறிப்புகளைத் தொழில்நுட்பர்களே எழுதிப் பகிரும் ஓர் அமைப்பை உருவாக்கியது. நம் நிறுவனங்களில் இதற்கு நெருங்கிய ஒன்று, பெரிய பழுதின்போது எல்லோரும் சேர்ந்து பேசும் பிரிட்ஜ் கால். மூத்தவர்கள் ஒவ்வொரு சாத்தியமாக விலக்கிக்கொண்டே வருவதை மியூட்டில் இருந்தபடி இரண்டு மணி நேரம் கேட்கும் ஃபிரெஷருக்கு, எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத படிப்பு அங்கே நடக்கிறது. அப்படி உட்கார வைக்க ஒரு மேலாளர் மனம் வைக்க வேண்டும். அந்த மணிக்கணக்கைக் கிளையன்டிடம் பில் செய்ய முடியாது.

அனுபவச் சான்றும் விலைக்குக் கிடைக்கிறது என்பதைத் துறை நன்றாகவே அறியும். பொய் அனுபவக் கடிதமும் சம்பளச் சீட்டும் தயாரித்துத் தரும் ‘கன்சல்டன்சி’கள் இருக்கின்றன. பணியாளர் விவரங்களைச் சரிபார்த்துப் பதிந்து வைக்கும் தேசியத் திறன் பதிவேட்டை துறையின் சங்கமான நாஸ்காம் 2006இல் தொடங்கியது. டம்ப்ஸுக்குச் சளைக்காத போலி இந்தப் பக்கமும் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் சான்றிதழை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், வேலை கொடுப்பவருக்கு ஆளின் திறமை நேரடியாகத் தெரியாதபோது அவர் வெளியே தெரியும் அடையாளங்களை நம்புகிறார் என்பது. சென்னையின் பெயர் பெற்ற பொறியியல் கல்லூரியில் படித்தவருக்குக் கல்லூரிப் பெயரே அந்த அடையாளம். விருதுநகர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி கணினி அறிவியல் முடித்த பெண்ணுக்கு என்ன இருக்கிறது? வளாக நேர்காணல் இல்லை. பரிந்துரைக்க மாமாவோ சீனியரோ அமெரிக்காவில் இல்லை. பெயர் தெரிந்த ஒரு தேர்வில் அவள் பெற்ற மதிப்பெண், சாதியும் ஊரும் ஆங்கில உச்சரிப்பும் கேட்காத மிகச் சில கதவுகளில் ஒன்று. அதையும் ‘வெறும் பேப்பர்’ என்று தள்ளுபவர்கள், தங்களுக்கு அந்தப் பேப்பர் தேவைப்படாமல் போனது எதனால் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதவின் விலையும் கொஞ்சமல்ல: அமேசான் கிளவுடின் அசோசியேட் நிலைத் தேர்வுக்கு 150 டாலர். பெரிய சேவை நிறுவனத்தில் சேரும் ஃபிரெஷரின் ஒரு மாதக் கைச்சம்பளத்தில் அது ஏறத்தாழ பாதி. வேலையே இல்லாதவருக்கு வீட்டில் கேட்டு வாங்க வேண்டிய பணம்.

தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்தச் சுமையை ஓரளவு இறக்கியிருக்கிறது. கல்லூரிப் பாடத்தோடு தொழில் நிறுவனங்களின் பயிற்சியைச் சேர்த்தது நல்ல காரியம். இதில் முடித்தவர்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கட்டளைத் திரையின் முன் உட்கார்ந்தார் என்பதை எண்ணினால் பயன் கூடும். வேறொரு பாதையை ஜோஹோ 2000களின் நடுவிலிருந்து காட்டிவருகிறது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களை, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி, நிறுவனத்தின் குழுக்களுக்குள்ளேயே வேலை பழக விடுகிறது. அங்கே சான்றிதழும் இல்லை, முன் அனுபவமும் இல்லை. வேலைக்குள் வைத்தே வேலை சொல்லித் தரும் பொறுமை இருக்கிறது. எல்லா நிறுவனங்களாலும் இது ஆகாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆகும், காலாண்டு லாபத்தில் கொஞ்சம் குறையும்.

நிறுவனங்கள் பழுதைச் செயற்கையாக உண்டாக்கியும் பழகலாம். கூகுள் 2006 முதலே தன் அமைப்புகளைத் தானே குலைத்துப் பார்க்கும் பேரிடர் ஒத்திகைகளை நடத்துகிறது. பழைய பழுது ஒன்றை எடுத்துக்கொண்டு, புதியவர் அதை எப்படி அணுகுவார் என்று குழுவாக நடித்துப் பார்க்கும் பயிற்சியும் அங்கே உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வர்களைக் கண்மூடித்தனமாக நிறுத்தும் கேயாஸ் மங்கி என்ற நிரலை எழுதி 2012இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தனி ஆளுக்கும் இது எட்டாததல்ல. பழைய மடிக்கணினி ஒன்றில் மெய்நிகர் இயந்திரங்கள் இரண்டை ஓட்டி, ஒன்றில் தரவுத்தளம் வைத்து, அதை வேண்டுமென்றே அழித்து, மற்றொன்றில் மீட்டு, எவ்வளவு நேரமானது, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று எழுதி வைக்கும் மாணவர், ஒரு வாரத்தில் பெறுவது மேலே சொன்ன எல்1 ஆண்டுகளில் பலருக்குக் கிடைப்பதில்லை.

ஒருவர் பழுதோடு பழகியவரா என்பதை நேர்காணலில் கண்டுபிடிக்கவும் முடியும். ‘நீங்கள் சரிசெய்த பழுது ஒன்றைச் சொல்லுங்கள், முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், அது ஏன் தப்பாகப் போனது?’ என்று கேட்டால் போதும். படித்து வந்தவர் விடையிலிருந்து தொடங்குவார். பட்டவர் தவறான சந்தேகத்திலிருந்து தொடங்கி, வட்டு நிறைந்திருந்ததையும் அனுமதி இல்லாமல் போனதையும் யாரோ பாதியில் ரீஸ்டார்ட் செய்ததையும் வரிசை பிசகாமல் சொல்வார். அவர் சொல்லும் நிகழ்வு அலுவலகத்தில் நடந்ததா வீட்டு மடிக்கணினியில் நடந்ததா என்பது எனக்குப் பெரிய வேறுபாடாகத் தெரிந்ததில்லை.

இந்த விவாதத்துக்கு இப்போது ஓர் அவசரம் வந்திருக்கிறது. எல்1 டிக்கெட்டுகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைக்கும் வேலை வேகமாக நடக்கிறது. அந்த டிக்கெட்டுகள் எவ்வளவு மெலிந்த பள்ளியாக இருந்தாலும், ஆயிரக்கணக்கானோர் துறைக்குள் கால் வைத்த முதல் படி அதுதான். அது போனால் இனி வரும் எல்2வும் எல்3யும் எங்கிருந்து முளைப்பார்கள் என்பதற்கு எந்தத் திட்டமும் கண்ணில் படவில்லை. கிளவுட் நிறுவனங்களின் பார்ட்னர் தகுதிக்கு இத்தனை சான்றிதழ்க்காரர்கள் வேண்டும் என்று இப்போதும் எண்ணிக் கேட்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005இல் வெளியிட்ட கையேடு முதல், அரசு ஒப்பந்தங்களும் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கின்றன. நம் ஊர் டெண்டர்கள் ‘இத்தனை ஆண்டு அனுபவமுள்ள இத்தனை பேர்’ என்று கேட்கின்றன. ‘கடந்த ஓராண்டில் இந்தக் குழு எத்தனை மீட்பு ஒத்திகைகள் நடத்தியது, அவற்றில் புதியவர்கள் எத்தனை பேர் கையை வைத்துச் செய்தார்கள்’ என்ற ஒரு வரியை அந்த டெண்டரில் சேர்க்க அரசுக்கோ வங்கிக்கோ பெரிய செலவில்லை. அந்த வரி வந்த மறு காலாண்டே, மியூட்டில் இருக்கும் ஃபிரெஷருக்கும் பில் போட வழி பிறந்துவிடும்.